கிற்றாரில் யாழ்நடை

கிற்றார் என்னும் மேனாட்டு நரம்புக் கருவியைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுவது அன்பர் சிலர்க்கு வியப்பை விளைவித்தல் கூடும். இலக்கணமும் இலக்கியமும் ஓதுவிப்பவனுக்குக் கிற்றாருடன் என்ன உறவு என்று அவர்கள் வினவலாம். உறவு ஒரு சொல்லிலே தொடங்கியது. அச்சொல் ‘ஆர்ப்பெஜியோ’ என்பது.

இத்தாலிய மொழியில் ‘ஆர்ப்பா’ என்பது வில்போல் வளைந்த கோட்டில் நரம்புகள் வரிசையாகக் கட்டப்பெற்ற ஒரு கருவியின் பெயர். ‘ஆர்ப்பெஜியாரே’ என்பது அக்கருவியை வாசித்தல் என்னும் வினை. அவ்வினையடியாகப் பிறந்த பெயரே ஆர்ப்பெஜியோ. பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்யாது, அக்கருவியில் விரல் ஒவ்வொரு நரம்பாகத் தடவிச் செல்லுமாறுபோல ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கச் செய்தல் என்பது அதன் பொருள். நம் முன்னோர் யாழ் என்று வழங்கியதும் அவ்வினத்துக் கருவியையே. விபுலாநந்த அடிகள் 1947-ஆம் ஆண்டு அரங்கேற்றிய ‘யாழ்நூ’லைப் புரட்டியவர்கள் இதனை நன்கறிவர். ஆதலின், யாழைத் தன் பெயரிலே தாங்கிய ஊரிற் பிறந்த நான், ஆர்ப்பெஜியோவுக்கு ‘யாழ்நடை’ என்று ஒரு பெயரிட்டுக்கொண்டேன். வேறு நல்ல பெயர் வைத்திருப்போர் அதனை வழங்குக, எனக்கு வழக்கில்லை.

பெயர் வைக்கவேண்டிய தேவை எங்ஙனம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தமக்கையின் மகன் ஓர் இசைக்குழுவிலே கிற்றார் வாசிப்பவன். கலியாண வீடுகளிலும், திருவிழாக்களின் முடிவில் நடைபெறும் இசை நிகழ்ச்சிகளிலும் அக்குழுவினர் வாசிப்பர். தந்தையை இழந்த பிள்ளை. பகலில் ஒரு கடையிலே வேலை. இரவில் வாசித்துப் பெறும் பணத்தில்தான் தங்கையின் படிப்புச் செலவு நடைபெறுகிறது. சென்ற ஆண்டு ஆவணி மாதத்திலே குழுத்தலைவர் அவனை அழைத்து, பாட்டின் நடுவே வரும் தனிவாசிப்பை இனி வேறொருவரிடம் கொடுக்கப்போவதாகவும், அவன் பின்னணிக்குக் கோட் பிடித்தாற் போதுமென்றும், அதற்கு அரைக்கூலி என்றும் அறிவித்துவிட்டார். தை பிறக்கும்வரை தவணை. அவர் சொன்ன காரணத்தை மருமகன் என்னிடம் அப்படியே ஒப்புவித்தான்: “நீ ஏணியிலை ஏறி இறங்கிக்கொண்டு நிக்கிறாய், பாட்டு வேறை எங்கையோ போகுது.”

அவன் கையிலே ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு பயிற்சி நூல் இருந்தது. அதிற் பக்கந்தோறும் கட்டங்களும் கரும்புள்ளிகளும். “மாமா, இதைத் தமிழிலை சொல்லுங்கோ. வாசிக்க விளங்குது, ஏன் எண்டு விளங்கேல்லை” என்றான். இளமையில் நான்காண்டு வீணை பயின்ற பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பழக்கத்தின் துணைகொண்டு மூன்று மாதம் அந்நூலை அவனுடன் இருந்து படித்தேன். அதன் பயனே இக்கட்டுரை.

குழுத்தலைவரின் சொல் கடுமையானது, ஆயினும் உண்மையானது. மருமகன் சுரவரிசையைப் பிழையறக் கற்றிருந்தான். மேனாட்டார் மேஜர் சுரவரிசை என்று சொல்வது நம்முடைய சங்கராபரணம். அதனைக் கிற்றாரின் எந்த இடத்திலிருந்தும் கண்ணிமைப்பொழுதில் மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் வல்லவன் அவன். தனிவாசிப்பு வந்ததும் அதனையே செய்வான். ஆனால் அகரந் தொடங்கி னகரம் வரை விரைந்து ஓதிக்காட்டுபவனைப் புலவன் என்று எவரும் சொல்லார். எழுத்து வேறு, சொல் வேறு. கிற்றாரிலே சொல் எனத் தக்கது முச்சுரக் கூட்டு. மேனாட்டார் அதனை ‘றையட்’ என்பர். ஆதாரச் சுரமாகிய ஷட்ஜம், அதற்கு நான்கு அரைச்சுரம் மேலேயுள்ள அந்தர காந்தாரம், ஏழு அரைச்சுரம் மேலேயுள்ள பஞ்சமம் ஆகிய மூன்றுஞ் சேர்ந்தது மேஜர் முச்சுரம். சுருங்கச் சொன்னால் ச க ப. சி என்னும் சுரத்தை ஆதாரமாகக் கொண்டால் சி, ஈ, ஜி.

இம்மூன்றையும் அந்நிய நாட்டார் கூடியிருந்து வகுத்த விதி என்று எண்ணுதல் வேண்டா. தம்புராவைச் செவ்வையாகச் சுருதி கூட்டி மீட்டுங்கால், எவரும் தொடாத அந்தர காந்தாரம் தானே எழுந்து கேட்கும். இது நம் பாடகர் எல்லாரும் அறிந்த செய்தி. ஒரு தந்தியின் ஒலிக்குள்ளே பல ஒலிகள் அடங்கியிருக்கின்றன. கிற்றாரிலே இதனைக் கையாலேயே சோதித்துப் பார்க்கலாம். தந்தியின் நீளம் 65 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். அதன் மூன்றிலொரு பங்கில் விரலை அழுத்தாது மெல்லத் தொட்டு மீட்டினால், மணியோசைபோல் அத்தந்தியின் பஞ்சமம் எழும். ஐந்திலொரு பங்காகிய 13 சென்ரிமீற்றரிலே தொட்டால் காந்தாரம் எழும். மருமகனுக்கு இதைக் காட்டியபோது அவன் நான்காம் கம்பியின் நேர்மேலே தொட்டுப் பார்த்து, ஒலி மங்குகிறதே என்றான். அக்கம்பி 13.4 சென்ரிமீற்றரிற் பதிக்கப்பட்டிருக்கிறது. மேனாட்டார் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக வகுத்துக் கம்பி பதித்தமையால், அவர்களுடைய காந்தாரம் இயற்கைக் காந்தாரத்திலும் அரைச்சுரத்தின் ஏழிலொரு பங்களவு கூர்மையானது. எல்லாச் சுருதியிலும் வாசிப்பதற்காக அவர்கள் கொடுத்த விலை அது. என் செவிக்கு அது சிறிது உறுத்தவே செய்கிறது, மருமகனுக்கு உறுத்துவதில்லை.

நிற்க. யாழிலே முச்சுரம் வாசிப்பது எளிது. நரம்புக்கொரு சுரம், ஒன்று விட்டு ஒன்று தடவினால் முடிந்தது. கிற்றாரிலோ ஒரு தந்தியிலே பல சுரம். அதனினும் தொல்லை, ஒரு சுரத்துக்குப் பல இடம். முதலாந் தந்தியைத் திறந்தபடி மீட்டினால் எழும் ஈ என்னும் சுரம், இரண்டாந் தந்தியின் ஐந்தாம் மெட்டிலும், மூன்றாந் தந்தியின் ஒன்பதாம் மெட்டிலும், நான்காந் தந்தியின் பதினான்காம் மெட்டிலும் அவ்வாறே கிடைக்கும். (வீணையில் மெட்டு என்று வழங்கும் குறுக்குக் கம்பியையே கிற்றாருக்கும் மெட்டு என்கிறேன்.) இலக்கணத்தில் ஒருபொருட் பன்மொழி என்போமே, அதுபோன்ற நிலை. எதைத் தெரிந்தெடுப்பது என்று கை திகைக்கும். அத்திகைப்பைத் தீர்ப்பதற்கு வந்தனவே வடிவங்கள். அந்நூலிலுள்ள கரும்புள்ளிப் படங்கள் அவ்வடிவங்களைக் காட்டுவன.

வடிவங்களை ஐந்து என்று வகுப்பர். தொடக்க மாணவன் முதலிற் பிடிக்கக் கற்கும் சி, ஏ, ஜி, ஈ, டி என்னும் ஐந்து கோட்டுக்களின் கைப்பிடியிலிருந்து அவை பிறந்தன. தண்டின் முதலிலிருந்து பன்னிரண்டாம் மெட்டுவரை அவை ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும். ஐந்தையும் ஒருங்கே மனனஞ் செய்யுமாறு அந்நூல் கூறுகிறது. அது வேண்டா என்பது என் கருத்து. ஆதாரச் சுரம் ஆறாந் தந்தியில் நிற்பது ஒன்று, ஐந்தாந் தந்தியில் நிற்பது ஒன்று, நான்காந் தந்தியில் நிற்பது ஒன்று என மூன்றைக் கற்றாற் போதும். அம்மூன்றும் உண்மையில் ஒன்றே என்பதை இனிக் காட்டுகிறேன்.

கிற்றாரின் கனத்த தந்தியை ஆறாவது என்றும் மெல்லிய தந்தியை முதலாவது என்றும் எண்ணுவர். ஆறு தொடங்கி ஒன்று வரை அவற்றின் சுரங்கள் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ஒவ்வொரு தந்தியும் தனக்கு முந்திய தந்தியிலும் ஐந்து அரைச்சுரம் உயர்ந்தது. இவ்விதிக்கு ஒரேயொரு புறனடை உண்டு. மூன்றாந் தந்திக்கும் இரண்டாந் தந்திக்கும் இடையே நான்கு அரைச்சுரம் மட்டுமே.

ஆறாந் தந்தியின் எட்டாம் மெட்டிலே நடுவிரலை வையுங்கள். அது சி, நம் ஷட்ஜம். ஐந்தாந் தந்தியில் ஒரு மெட்டுப் பின்னே, அதாவது ஏழாம் மெட்டிலே, சுட்டுவிரலின் கீழ்க் காந்தாரம். அதே தந்தியில் மூன்று மெட்டு மேலே, பத்தாம் மெட்டில், சிறுவிரலின் கீழ்ப் பஞ்சமம். நான்காந் தந்தியில் அதே பத்தாம் மெட்டில் மேல் ஷட்ஜம். ஒரு ஸ்தாயி முடிந்தது. மேலுஞ் சென்றால், மூன்றாந் தந்தியின் ஒன்பதாம் மெட்டில் காந்தாரம், இரண்டாந் தந்தியின் எட்டாம் மெட்டில் பஞ்சமம், முதலாந் தந்தியின் எட்டாம் மெட்டில் ஷட்ஜம். இரண்டு ஸ்தாயியில் ஏழு சுரங்கள். கை இருந்த இடத்தைவிட்டு நகரவேயில்லை.

இப்பொழுது ஐந்தாந் தந்தியின் மூன்றாம் மெட்டிலிருந்து தொடங்குவோம். அதுவும் சி. முன்னர்ச் செய்தவாறே நான்காந் தந்தியில் ஒரு மெட்டுப் பின்னே காந்தாரம், மூன்று மெட்டு மேலே பஞ்சமம், மூன்றாந் தந்தியில் அதே மெட்டில் ஷட்ஜம். இதுவரை இம்மியும் மாற்றமில்லை. அடுத்த காந்தாரம் இரண்டாந் தந்தியில் ஒரு மெட்டுப் பின்னே, நான்காம் மெட்டிலே, இருத்தல் வேண்டும். இல்லை, ஐந்தாம் மெட்டிலே இருக்கிறது. நான்காந் தந்தியின் பத்தாம் மெட்டிலிருந்து தொடங்கினாலோ, மூன்றாந் தந்தியின் ஒன்பதிற் காந்தாரமும் பன்னிரண்டிற் பஞ்சமமும் இயல்பாக வர, மேல் ஷட்ஜம் இரண்டாந் தந்தியின் பன்னிரண்டில் இராது பதின்மூன்றிலே போய் நிற்கிறது.

இவ்விடத்தில்தான் மருமகன் பல மாதம் தடுமாறியிருக்கிறான். மூன்று படங்களும் அவனுக்கு மூன்று வெவ்வேறு பொருளாகத் தோன்றின. நான் அவனுக்குப் புணரியலை நினைவூட்டினேன். பள்ளியிற் படித்ததை அவன் மறந்திருக்கவில்லை. இரு சொல் புணருமிடத்து விகாரமின்றி நிற்பது இயல்பு புணர்ச்சி. தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரம் பெறுவது விகாரப் புணர்ச்சி. கிற்றாரில் விகாரத்துக்கு இடம் ஒன்றே. மூன்றாந் தந்தியைக் கடந்து இரண்டாந் தந்தியிற் கால் வைக்கும்போது எல்லாம் ஒரு மெட்டு மேலே தள்ளும். ஆறாந் தந்தியிலிருந்து புறப்பட்டவனுக்கு அந்தச் சந்தி ஆறாவது சுரத்தில் வரும். ஐந்தாந் தந்தியிலிருந்து வந்தவனுக்கு ஐந்தாவது சுரத்தில். நான்காந் தந்தியிலிருந்து வந்தவனுக்கு நான்காவது சுரத்தில். “அப்ப மூண்டும் ஒண்டுதானே!” என்றான் மருமகன். அன்றிரவு அவன் சோறு உண்ண மறந்தான் என்று தமக்கை என்னைக் கடிந்துகொண்டாள்.

விரல் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அடுத்தடுத்த இரு தந்திகளில் ஒரே மெட்டிலே சுரங்கள் வருமிடத்து, விரலை எடுத்து வைத்தால் நடை தடைப்படும். எடுக்காது இரண்டையும் சேர்த்து அழுத்தினால் இரு சுரமும் கலந்து ஒலித்துக் கோட்டாகிவிடும். விரலின் நுனியை ஒரு தந்தியிலிருந்து அடுத்ததற்கு உருட்டவேண்டும். உருட்டியதும் முந்திய தந்தி அடங்கவேண்டும். இரண்டாம் வடிவத்தில் ஐந்தாம் மெட்டிலேயே மூன்று சுரம் அடுத்தடுத்து வருதலால் சிறுவிரல் நோகும். அணிவிரலால் உருட்டுவாரும் உளர். இங்கே ஒரு வேறுபாட்டையும் குறித்தல் நன்று. இத்தாலியரான மௌரோ ஜூலியானி என்பவர் வலக்கைப் பயிற்சிக்காக 120 பாடங்கள் இயற்றி, அவற்றைத் தம் முதலாவது நூலாக வெளியிட்டார். அப்பாடங்களும் ஆர்ப்பெஜியோவே. ஆனால் அவற்றில் இடக்கை ஒரு கோட்டைப் பிடித்தபடி இருக்க, வலக்கை விரல்கள் மட்டும் தந்திகளைத் தனித்தனி மீட்டும். சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து ஒலிக்கும். தனிவாசிப்புக்கு அந்தப் படர்ச்சி ஆகாது. ஒருவர் பேசுங்கால் சொற்கள் தனித்தனி கேட்பதுபோலச் சுரங்களும் கேட்கவேண்டும்.

வடிவத்தைக் கற்பதில் ஓர் ஆபத்து உண்டு. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே. வடிவம் கைக்கு வந்ததும் செவி உறங்கிவிடும். கரும்புள்ளிப் படம் எந்த விரல் எங்கே என்று சொல்லும். எந்தச் சுரம் என்று சொல்லாது. அவ்வாறு கற்றவன் பழைய ஏணியை விட்டுப் புதிய ஏணியில் ஏறியவனே. ஆகையால் மருமகனுக்கு ஒரு கட்டளையிட்டேன்: வாயாற் பாடாமல் ஒரு சுரத்தையுந் தொடாதே. ச க ப ச க ப ச என்று பாடிக்கொண்டே மீட்டுதல் வேண்டும். பின்னர் காந்தாரத்திலிருந்து தொடங்கிக் க ப ச. பின்னர் பஞ்சமத்திலிருந்து ப ச க. தந்தி ஒன்றின் எந்த மெட்டில் விரல் வைத்து நிறுத்தினும், ‘இது இப்போது எது?’ என்று கேட்டால் உடனே விடை வரவேண்டும். முதற் கிழமை அவனுக்கு வெட்கமாக இருந்தது. வாசலிலே நின்ற நண்பர்கள் சிரித்தார்கள். கருநாடக இசை கற்பார்க்கு இது முதனாட் பாடம். கிற்றார் கற்கும் நம் பிள்ளைகளில் பலர் ஏனோ வாய்மூடிக் கற்கிறார்கள்.

‘இப்போது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் இசையில் ஷட்ஜம் ஓரிடத்தில் நிலைபெற்றது. தம்புரா அதனை விடாது ஒலித்துக்கொண்டிருக்கும். மேனாட்டுப் பாட்டில் கோட் மாறுந்தோறும் நிலைக்களம் மாறுகிறது. பைலாப் பாட்டுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மூன்று கோட்டுக்களில் அடங்கும். சி என்னும் கோட்டில் ச க ப. எஃப் என்னும் கோட்டில் ம த ச. ஜி என்னும் கோட்டில் ப நி ரி. மூன்று முச்சுரங்களையும் கூட்டிப் பாருங்கள்: ச ரி க ம ப த நி ஏழும் வந்துவிட்டன. சங்கராபரணம் முழுவதும் மூன்று கூட்டுக்குள் அடக்கம். மருமகன் ஏழு சுரத்தையும் அறிவான். எந்த நேரத்தில் எந்த மூன்று வீட்டுக்காரர், எந்த நான்கு விருந்தினர் என்பதையே அறியாதிருந்தான். எஃப் ஒலிக்கும்போது பஞ்சமத்தில் நீள நின்றால் பிழையென்று சொல்ல முடியாது. ஆனால் கேட்போர் மனம் அமைதி பெறாது. குழுத்தலைவர் ‘பாட்டு வேறை எங்கையோ போகுது’ என்றது இதனையே.

கோட் மாறும்போது கையை எடுத்துக்கொண்டு ஓடவேண்டியதில்லை. எட்டாம் மெட்டில் நின்று சி முச்சுரத்தின் முதல் வடிவத்தை வாசிக்கிறோம். எஃப் வந்ததும், ஐந்தாந் தந்தியின் எட்டாம் மெட்டிலேயே எஃப்பின் ஆதாரம் இருக்கிறது. இரண்டாம் வடிவம் அங்கேயே தொடங்கும். ஜி வந்தால் அதே வடிவம் இரண்டு மெட்டு மேலே. அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆதாரச் சுரத்திலிருந்தே தொடங்குபவன் வாசிப்பு, ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘ஆனால்’ என்று தொடங்குபவன் பேச்சுப்போல் அலுப்பூட்டும். அருகிலுள்ள சுரத்துக்குச் செல்லவேண்டும். சி கோட்டின் காந்தாரத்திலிருந்து எஃப் கோட்டின் மத்திமத்துக்கு ஒரு மெட்டே தூரம். ஜி கோட்டின் நிஷாதத்திலிருந்து சி கோட்டின் ஷட்ஜத்துக்கும் ஒரு மெட்டே. சிக்கும் எஃப்புக்கும் ஷட்ஜம் பொது. சிக்கும் ஜிக்கும் பஞ்சமம் பொது. எஃப்புக்கும் ஜிக்கும் மட்டும் பொதுச்சுரம் இல்லை. அங்கே மருமகன் இரண்டு மெட்டு மேலே தாவினான், கட்டையால் அடித்ததுபோலிருந்தது. எஃப்பின் ஷட்ஜத்திலிருந்து ஒரு மெட்டு இறங்கி நிஷாதத்திற் போய் நில் என்றேன். நின்றான். அந்த ஓர் அடி இறக்கத்தில் முதன்முறையாக அவன் வாசிப்பிற் பொருள் கேட்டது.

முச்சுரம் கைவந்த பின்பு மற்றைச் சுரங்களைத் தள்ளிவிடவேண்டும் என்பதில்லை. காந்தாரத்துக்கு ஓர் அரைச்சுரம் கீழேயிருந்து வந்து சேரலாம். ஷட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையே ரிஷபத்தைத் தொட்டுச் செல்லலாம். இவற்றை நான் சாரியை என்பேன். தமக்கெனப் பொருளின்றி இரண்டை இயைக்க நடுவே வந்து நிற்பன. இவற்றைச் சேர்த்தபோது வாசிப்பு நெகிழ்ந்தது. பைலாவின் தாளமும் கைகொடுத்தது. ஆறெட்டு என்று அவர்கள் சொல்லும் அத்தாளத்தில் மும்மூன்றாக அடி விழும், திசிர நடை. மூன்று சுரங்கொண்ட கூட்டு அதிலே தானாகப் பொருந்துகிறது.

கை ஊனமுற்ற ஒருவர் இவ்வடிவங்களைக் கொண்டு என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் விடலாகாது. ஜாங்கோ றெயின்ஹார்ட் என்பவர் 1910-ஆம் ஆண்டு பெல்ஜியத்திலே நாடோடிக் குடியொன்றிற் பிறந்தவர். 1928-இல் அவர் வாழ்ந்த வண்டிவீடு தீப்பற்றியது. உயிர் தப்பினார், இடக்கையின் அணிவிரலும் சிறுவிரலும் வெந்து முடங்கின. கிற்றார் வாசிப்பவனுக்கு இடக்கை நான்கு விரலும் இன்றியமையாதன என்று எந்த நூலும் சொல்லும். அவர் எஞ்சிய இரண்டு விரலுக்கேற்ப வாசிப்பைத் திருத்தி அமைத்துக்கொண்டார். ஓரிடத்தில் நின்று நான்கு விரலாற் பிடிக்கும் வடிவம் அவருக்கு ஆகாது. ஆதலின் முச்சுரத்தைத் தண்டின் நெடுகே, கை மேலும் கீழும் ஓடுமாறு வாசித்தார். 1934-இல் வயலின் வித்துவான் ஸ்ரெபான் கிராப்பெல்லியுடன் சேர்ந்து பாரிஸ் நகரில் ஒரு குழு அமைத்தார். 1953-இல் மறைந்தார். அவருடைய ஒலிப்பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் மின்னலெனத் தண்டின் அடியிலிருந்து நுனிவரை பாய்ந்து செல்லும் யாழ்நடைகளைக் கேட்பவர், இரண்டு விரலின் வேலை என்று நம்பார். அவருக்கு இசைக்குறி எழுதப் படிக்கத் தெரியாது. வடிவம் விரலில் இருக்கிறதா, செவியில் இருக்கிறதா என்ற கேள்விக்கு அவர் வாசிப்பைக் காட்டிலும் வேறு சான்று எனக்குத் தெரியவில்லை. அமெரிக்கரான சார்லி கிறிஸ்ரியன் என்பவரும் கோட் வடிவங்களை ஒட்டியே தம் தனிவாசிப்பை அமைத்தவர். 1939-இல் பெனி குட்மன் குழுவிலே சேர்ந்து, 1942-இல் இருபத்தைந்து வயதில் மறைந்துவிட்டார். மின்கிற்றார் ஒரு குழுவின் முன்வரிசைக்கு வந்தது பெரிதும் அவரால்.

நம்மவர் செவிக்கு இந்நடை முற்றும் புதிதன்று. முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுக்களைக் கேட்டு வடமொழியில் இயற்றிய நொட்டுஸ்வர சாகித்தியங்கள் சங்கராபரணத்தில் அமைந்தவை. கமகமின்றிச் ச க ப என்று படிபடியாகத் தாவிச் செல்வன. மதுரை மணி ஐயர் கச்சேரி முடிவிற் பாடிய இங்கிலீஷ் நோட்டைக் கேட்டவர்களுக்கும் அது பழகியதே. மருமகனுக்கு நொட்டுஸ்வரம் ஒன்றைப் பாடிக் காட்டினேன். கிற்றாரில் உடனே வாசித்துவிட்டு, “இது எங்கடை ஆக்களே செய்தது?” என்று கேட்டான்.

தை மாதம் ஒரு கலியாண வீட்டிலே குழுத்தலைவர் அவனுக்குப் பதினாறு தாளவட்டம் தனிவாசிப்புக் கொடுத்தார். நான் பந்தலின் ஓரத்திலே இருந்தேன். முதல் நான்கு வட்டத்தில் அவன் அதிகம் வாசிக்கவில்லை. காந்தாரத்தைத் தொட்டு நின்றான், எஃப் வந்ததும் மத்திமத்துக்கு ஏறினான், ஜி வந்ததும் நிஷாதத்துக்கு இறங்கினான். வாய் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. மேளக்காரர் அவனைத் திரும்பிப் பார்த்தார். பின்னர்க் கை விரைந்தது. தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. இரவு கணக்குத் தீர்க்கும்போது முழுக்கூலியை எண்ணிக் கொடுத்தார் என்று மறுநாள் தமக்கை சொன்னாள்.

இனி மைனர் முச்சுரம். காந்தாரத்தை ஓர் அரைச்சுரம் தாழ்த்தினால் அது வந்துவிடும், சாதாரண காந்தாரம். ஒரு சுரந்தானே என்று தொடங்கினோம். ஆனால் எட்டாம் மெட்டு வடிவத்தில் ஏழாம் மெட்டிலிருந்த காந்தாரம் ஆறுக்கு இறங்க, அதே தந்தியிற் பஞ்சமம் பத்திலேயே நிற்க, சுட்டுவிரலும் சிறுவிரலும் அவ்வளவு தூரம் விரிய மறுக்கின்றன. அக்காந்தாரத்தை ஆறாந் தந்தியின் பதினோராம் மெட்டிலே எடுத்தால் விரியவேண்டியதில்லை. ஆனால் நடுவிரலாற் பிடித்த ஷட்ஜத்தைச் சுட்டுவிரலுக்கு மாற்றவேண்டும், மேலேயுள்ள மூன்று தந்திகளிலும் அதே விரலை எட்டாம் மெட்டிற் படுக்கவைத்து உருட்டவேண்டும். சென்ற வெள்ளிக்கிழமை தொடங்கி இப்பயிற்சி நடைபெறுகிறது. முன்வீட்டுக்காரர் இன்னும் முறைப்பாடு செய்யவில்லை.